உப்பு விளையும் தமிழ்நாடு அயோடினில் ஏன் கடைசி? சாயத்துக்கு ஒரு உப்பு, சாம்பாருக்கு ஒரு உப்பு... திருப்பூர் கவனிக்க வேண்டியது என்ன?

ஒரு கறுப்பு டி-ஷர்ட்டுக்குச் சாயம் ஏற்ற எவ்வளவு உப்பு தேவைப்படும்?

பருத்தித் துணிக்கு அடர் நிறம் ஏற்றும்போது ஒரு லிட்டர் சாயத் தண்ணீருக்கு 80 கிராம் உப்பு கூட போகும். ஒரு கிலோ துணிக்கு 6 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் கிட்டத்தட்ட அரை கிலோ உப்பு. 200 கிராம் எடையுள்ள ஒரு டி-ஷர்ட்டுக்கு மட்டும் சுமார் 100 கிராம். நாலு பேர் இருக்கும் வீட்டில் இரண்டு நாளைக்கு மேல் சமையலுக்கு வரும் உப்பு அது.

இப்படி உப்பை மூட்டை மூட்டையாகக் கரைக்கும் ஊர் திருப்பூர். அதே ஊரில், அடுப்படியில் இருக்கும் உப்பு ஜாடிக்குள் ஒரு பொருள் இருக்கிறதா இல்லையா என்பதைத்தான் இந்தச் செய்தியில் பார்க்கப்போகிறோம். அது அயோடின். இதற்கு மூட்டைக் கணக்கு இல்லை, மைக்ரோகிராம் கணக்கு.

நியூட்ரிஷன் இன்டர்நேஷனல் அமைப்பு, டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையுடன் சேர்ந்து 2018-19ல் நாடு முழுக்க அயோடின் ஆய்வு நடத்தியது. போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இந்திய அளவில் 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9 சதவீதம். மாநிலங்கள் பட்டியலில் இதுதான் கடைசி இடம்.

உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் இருக்கும் மாநிலத்துக்குத்தான் இந்த நிலைமை. தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் என்று கரை நெடுக உப்பளம். ஆனால் பத்தில் கிட்டத்தட்ட நாலு வீட்டில் அயோடின் போதவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். மீதமுள்ள 38 சதவீத வீடுகளில் அயோடினே கிடையாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. சில வீட்டு உப்பில் கொஞ்சம் இருக்கும், ஆனால் போதாது. சில வீட்டில் சுத்தமாக இருக்காது. ஒரு கிலோ உப்பில் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருந்தால்தான் 'போதும்' என்று கணக்கு. இதைத்தான் 15 பிபிஎம் என்கிறார்கள்.

அயோடின் எதற்கு?

கழுத்தின் முன்பக்கம் பட்டாம்பூச்சி வடிவில் இருக்கிறது தைராய்டு சுரப்பி. அது சுரக்கும் ஹார்மோனின் மூலப்பொருளே அயோடின்தான். டி4 ஹார்மோனில் நாலு அயோடின் அணு, டி3-ல் மூன்று. பெயரிலேயே எண்ணிக்கை இருக்கிறது. அயோடின் வராவிட்டால் ஹார்மோன் தயாராகாது. உடம்பால் இதைச் சொந்தமாகத் தயாரிக்கவும் முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் 250 மைக்ரோகிராம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு மனிதனுக்கு ஆயுசு முழுக்கத் தேவைப்படும் மொத்த அயோடினையும் சேர்த்தால் ஒரு டீஸ்பூன் அளவுதான் வரும். ஆனால் அந்த டீஸ்பூனை ஒரே நாளில் கொடுத்துவிட முடியாது. உடம்பு நிறைய சேமித்து வைக்காது. தினமும் துளி துளியாக வந்துகொண்டே இருக்க வேண்டும்.

அயோடின் குறைந்தால் என்ன ஆகும்? பள்ளிப் பாடப்புத்தகத்தில் படித்த 'முன்கழுத்துக் கழலை' எல்லோருக்கும் நினைவிருக்கும். கிடைக்கிற கொஞ்சநஞ்ச அயோடினையும் பிடித்து வைக்க தைராய்டு பாடுபடும், அந்தப் பாட்டில் வீங்கிவிடும். கழுத்து வீங்குவது கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள்.

பெரிய சேதம் நடப்பது கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

முதல் மூன்று மாதத்தில் நடப்பது என்ன?

கருவில் இருக்கும் குழந்தையின் மூளை வளர தைராய்டு ஹார்மோன் வேண்டும். முதல் மூன்று மாதத்தில் குழந்தைக்குச் சொந்தமாக வேலை செய்யும் தைராய்டு கிடையாது. தாயின் ரத்தத்தில் இருந்து வரும் ஹார்மோனை நம்பித்தான் மூளை வளர்கிறது. அதன் பிறகு குழந்தையின் சுரப்பி மெல்ல வேலையை ஆரம்பித்தாலும், அதற்கு வேண்டிய அயோடினும் தாயிடமிருந்துதான் போக வேண்டும்.

தாய்க்கு அயோடின் மிகக் குறைவாக இருந்தால் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறப்பது, காது கேளாமை, 'கிரிட்டினிசம்' எனப்படும் கடுமையான மூளை, உடல் வளர்ச்சிக் குறைபாடு வரை போகலாம். கொஞ்சம் குறைவாக இருந்தால்? குழந்தை நன்றாகத்தான் பிறக்கும். எடை சரியாக இருக்கும், சிரிக்கும், நடக்கும். பள்ளிக்கூடம் போன பிறகு பாடம் ஏறாது. கடுமையான அயோடின் குறைபாடு நீடித்த பகுதிக் குழந்தைகளையும், குறைபாடு இல்லாத பகுதிக் குழந்தைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் அறிவுத்திறன் மதிப்பெண்ணில் சராசரியாக 12, 13 புள்ளி வித்தியாசம் தெரிந்தது. 'படிப்பு வரல' என்று சொல்லிவிட்டு வீட்டில் விட்டுவிடுவார்கள். காரணம் உப்பு ஜாடி என்று யாருக்குத் தோன்றும்?

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தள்ளிப்போன பிறகு பரிசோதனை செய்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்து, இரும்புச்சத்து மாத்திரை வாங்கும்போது பலருக்கும் இரண்டு, மூன்று மாதம் ஓடியிருக்கும். அயோடின் மிக முக்கியமாகத் தேவைப்படும் காலம் அதற்குள் பாதி முடிந்துவிடுகிறது. ஆக, கர்ப்பம் தெரிந்த பிறகு கவனித்துக்கொள்ளலாம் என்ற பேச்சே இங்கே செல்லாது. கர்ப்பத்துக்கு முன்பே, தினசரி சாப்பாட்டிலேயே அது இருந்தாக வேண்டும்.

திருப்பூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பின்னலாடைத் தொழிலில் வேலை பார்க்கும் பல லட்சம் பேரில் பெரும் பகுதி பெண்கள். அதிலும் இளம் பெண்கள். ஸ்பின்னிங் மில், கார்மெண்ட்ஸ் ஹாஸ்டல்களில் தங்கி வேலை செய்பவர்களில் பலர் இன்னும் சில வருடத்தில் கல்யாணம் செய்து தாயாகப் போகிறவர்கள். மேலே சொன்ன 'கர்ப்பத்துக்கு முந்தைய காலம்' என்பது இவர்களுக்கு மில் ஹாஸ்டலிலும், லைன் வீட்டு வாடகை அறையிலும்தான் கழிகிறது.

எங்கிருந்து வருகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். தென் மாவட்டங்களைத் தாண்டி ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், அசாம் என்று பட்டியல் நீள்கிறது. அதே 2018-19 ஆய்வில் கடைசி ஐந்து இடத்தில் இருந்த மாநிலங்கள் தமிழ்நாடு, ஆந்திரா, ராஜஸ்தான், ஒடிசா, ஜார்க்கண்ட். அதாவது ஜார்க்கண்டில் இருந்தோ ஒடிசாவில் இருந்தோ ரயில் ஏறி வரும் ஒரு பெண், அயோடின் பட்டியலின் அடிமட்டத்தில் இருக்கும் ஒரு மாநிலத்தில் இருந்து அதைவிடக் கீழே இருக்கும் மாநிலத்துக்கு வருகிறார்.

அவர் சாப்பிடும் உப்பை அவர் தேர்ந்தெடுப்பதும் இல்லை. ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு எந்த உப்பு வாங்குவது என்பதை கான்ட்ராக்டர் முடிவு செய்கிறார். ஒரு மூட்டை உப்பு, சில நூறு பேரின் சாப்பாடு.

ஒரே ஊர், இரண்டு உப்பு

சாயத்துக்கு ஏன் உப்பு என்று வெளியூர்க்காரர்களுக்கு சந்தேகம் வரலாம். தண்ணீரில் நனைந்த பருத்தி இழைக்கு எதிர்மின் தன்மை உண்டு. 'ரியாக்டிவ்' சாயத்துக்கும் அதே தன்மை. ஒரே மாதிரி மின்சுமை இருப்பதால் ஒன்றை ஒன்று தள்ளும், சாயம் துணியில் ஏறாமல் தண்ணீரிலேயே நிற்கும். உப்பைப் போட்டால் அந்தத் தள்ளுமுள்ளு அடங்கி சாயம் இழைக்குள் இறங்கும். இதற்குச் சாதாரண உப்பும் போடுவார்கள், 'கிளாபர் சால்ட்' எனும் சோடியம் சல்பேட்டும் போடுவார்கள்.

துணியில் சாயம் தங்கிவிடும், உப்பு தங்காது. அது கழிவு நீரோடு வெளியே வரும். நொய்யல் ஆறும், 1992ல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையும் என்ன ஆயின என்பது கொங்கு மண்டலத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. பாசனத்துக்குக் கட்டிய அணையைத் திறந்துவிடாதே என்று விவசாயிகளே போராடினார்கள். வழக்கு நடந்தது. கழிவு நீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத 'ஜீரோ டிஸ்சார்ஜ்' முறைக்கு மாறாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. இப்போது பொது சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவு நீரில் இருந்து உப்பைப் பிரித்து மறுபடியும் சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள்.

உப்பு என்றால் திருப்பூரில் இந்தப் பேச்சுதான் அடிபடும். ஆற்றைக் கெடுத்த உப்பு பற்றி ஊருக்கே தெரியும். வீட்டு உப்பு பற்றி யாரும் பேசுவதில்லை.

சாயத்துக்குப் போகும் உப்பில் அயோடின் தேவையில்லை, சட்டமும் கேட்பதில்லை. தொழிற்சாலை, கால்நடைத் தீவனம், மருந்துத் தயாரிப்பு, பதப்படுத்துதல் போன்ற வேலைகளுக்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்கலாம், ஆனால் எதற்கானது என்று மூட்டை மீது குறிப்பிட்டிருக்க வேண்டும். மனிதர்கள் நேரடியாகச் சாப்பிடும் உப்பு என்றால் அயோடின் கட்டாயம். 2011 உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் சொல்வது இது.

பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். வெள்ளை நிறம், அதே கரிப்பு. நாக்கால் வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது. சாக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் அடையாளம். சாக்கைப் பிரித்து எடை போட்டு, பெயரில்லாத பிளாஸ்டிக் கவரில் கட்டிவிட்டால் அந்த வரி காணாமல் போய்விடும். லூஸ் உப்பில் இருக்கும் பிரச்னையே இதுதான். அது எந்த உப்பு, எங்கே போக வேண்டிய உப்பு என்று சொல்ல எதுவுமே மிஞ்சாது.

கல் உப்புதான் நமக்குப் பிடிக்கும்!

"அக்கா, தூள் உப்பு வேணுங்களா, கல்லு உப்பு வேணுங்களா?" மளிகைக் கடையில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் வரும் பதில் கல் உப்பு. ஊறுகாய்க்கு கல் உப்பு, வத்தலுக்கு கல் உப்பு, இட்லி மாவுக்குக் கல் உப்பு, திருஷ்டி சுற்றிப் போடவும் அதேதான். வெள்ளிக்கிழமை உப்பு வாங்கினால் லட்சுமி வருவாள் என்பது இன்னொரு நம்பிக்கை. தூள் உப்பு போட்டால் குழம்பு ருசிக்காது என்று சத்தியம் செய்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. அதில் தப்பொன்றும் இல்லை.

சிக்கல் அயோடின் ஏற்றும் முறையில் இருக்கிறது. பொட்டாசியம் அயோடேட் கரைசலை உப்பின் மீது தெளித்துத்தான் அயோடின் சேர்க்கிறார்கள். தூள் உப்பில் அது சீராகப் பரவும். கல் உப்பில் படிகம் பெரிது, ஈரமும் அதிகம். ஒரு கல்லில் நிறைய ஒட்டும், இன்னொன்றில் ஒட்டாமலே போகும். ஒட்டியதும் மேற்பரப்பில்தான் நிற்கும். ஈரத்தில் கசிந்து சாக்கின் அடியில் இறங்கிவிடும். சின்ன உப்பளத்தில் கைத்தெளிப்பான் வைத்து அடித்தால் சீர்மை இன்னும் குறையும்.

வீட்டுக்கு வந்த பிறகு நாம் செய்யும் கைங்கரியம் வேறு. மண் இருக்கிறது என்று கல் உப்பை அலசி எடுப்பது சில வீட்டுப் பழக்கம். மேற்பரப்பில் இருந்த அயோடின் அந்தத் தண்ணீரோடு போய்விடும். ஜாடியைத் திறந்தபடி அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பது இன்னொரு பழக்கம். சூடும் ஈரமும் அயோடினுக்கு ஆகாது.

கல் உப்பே வேண்டாம் என்பதல்ல விஷயம். அயோடின் கலந்த கல் உப்பு பாக்கெட்டிலேயே கிடைக்கிறது. கல்லா தூளா என்பதைவிட, பாக்கெட்டா லூஸா என்ற கேள்விதான் முக்கியம்.

கடல் உப்பில் இயற்கையாகவே அயோடின் இருக்காதா?

வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் கேள்வி. கடலில் அயோடின் இருக்கிறது என்பது உண்மைதான். எவ்வளவு? ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 60 மைக்ரோகிராம். அதே ஒரு லிட்டரில் இருக்கும் உப்பு சுமார் 35 கிராம். அந்த அயோடின் மொத்தமும் உப்போடு அப்படியே தங்கினால்கூட, ஒரு நாளைக்கு 10 கிராம் உப்பு சாப்பிடுபவருக்கு 17 மைக்ரோகிராம்தான் கிடைக்கும். தேவை 150. உப்பளத்தில் காய்ச்சும்போது அந்தக் கொஞ்சத்திலும் பெரும் பகுதி கழிவு நீரோடு போய்விடும்.

விலை கொடுத்து வாங்கும் 'இமயமலை பிங்க் சால்ட்' கதையும் இதேதான். பெரும்பாலான பாக்கெட்டுகளில் அயோடின் சேர்ப்பதில்லை. லேபிளைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கடல் மீன், முட்டை, பாலில் அயோடின் உண்டு. கடலோர மக்களுக்கு மீன் கைகொடுக்கும். திருப்பூர், ஈரோடு, கோவை பக்கம் தினசரி கடல் மீன் சாப்பிடும் வீடுகள் எத்தனை? ஆகவே இங்கே உப்புதான் வழி.

இமயமலை அடிவாரத்தில் தொடங்கிய கதை

உப்பில் அயோடின் சேர்க்கும் யோசனை சுவிட்சர்லாந்தில் 1922லும், அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் 1924லும் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் இதை நிரூபித்துக் காட்டியவர் டாக்டர் வி.ராமலிங்கசுவாமி. பிற்காலத்தில் எய்ம்ஸ் இயக்குநராகவும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் இருந்தவர்.

இமாச்சலில் காங்ரா பள்ளத்தாக்கு. அங்கே கழுத்துக் கழலை சர்வ சாதாரணம். 1956ல் அந்தப் பள்ளத்தாக்கை மூன்று பகுதியாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிக்கு அயோடின் சேர்த்த உப்பு, ஒரு பகுதிக்கு வெறும் உப்பு. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அயோடின் உப்பு சாப்பிட்ட இரண்டு பகுதியிலும் பள்ளிக் குழந்தைகளிடம் கழலை பாதிக்கும் கீழாகக் குறைந்திருந்தது. மூன்றாவது பகுதியில் பெரிய மாற்றம் இல்லை. அதன்பின் அங்கும் அயோடின் உப்பு கொடுக்கப்பட்டு, கழலை இறங்கியது.

இதைப் பின்பற்றி 1962ல் தேசிய கழலை நோய்த் தடுப்புத் திட்டம் வந்தது. இது மலைப்பகுதி நோய் என்றுதான் அப்போது நினைத்தார்கள். தொடர்ந்து ஆய்வு செய்யச் செய்ய, சமவெளியிலும் கடலோரத்திலும்கூட குறைபாடு இருப்பது தெரிந்தது. ஆய்வு செய்த 414 மாவட்டங்களில் 337-ல் இந்தப் பிரச்னை இருப்பதாக மத்திய சுகாதாரத் துறை கணக்கு சொல்கிறது. 1992ல் திட்டத்தின் பெயரே 'தேசிய அயோடின் குறைபாட்டு நோய்கள் கட்டுப்பாட்டுத் திட்டம்' என்று மாறியது.

சட்டம்தான் நேர்க்கோட்டில் போகவில்லை. அயோடின் சேர்க்காத உப்பைச் சமையலுக்கு விற்கக் கூடாது என்று 1997ல் மத்திய அரசு அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியது. உப்புச் சத்தியாகிரகம் நடந்த நாட்டில், மக்கள் எந்த உப்பைச் சாப்பிட வேண்டும் என்று அரசு சொல்வதா, சிறு உற்பத்தியாளர்கள் என்ன ஆவார்கள் என்று கேட்டார்கள். 1930ல் ராஜாஜி திருச்சியில் இருந்து வேதாரண்யத்துக்கு நடந்த மாநிலம் இது. இங்கே அந்தக் கேள்விக்கு ஒரு கனம் உண்டு, லேசாகத் தள்ளிவிட முடியாது. 2000ல் தடை நீக்கப்பட்டது. 2006 மே மாதம் மறுபடியும் அமலுக்கு வந்தது. 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம், கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் இப்படி ஒரு விதி போட முடியாது என்று சொன்னது. ஆனால் மக்கள் நலன் கருதி ஆறு மாதம் தடை தொடரலாம் என்றும் சொன்னது. அடுத்த மாதமே புதிய உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் வந்துவிட, தடை இன்றுவரை நீடிக்கிறது.

சட்டம் இருக்கிறது. லூஸ் உப்பும் இருக்கிறது.

தமிழ்நாடு அரசு என்ன செய்கிறது?

1974ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்பு நிறுவனம் ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பு தயாரிக்கிறது. 2014 ஜூனில் 'அம்மா உப்பு' வந்தது நினைவிருக்கலாம். சுத்திகரிக்கப்பட்ட அயோடின் உப்பு கிலோ 10 ரூபாய், இரும்பும் அயோடினும் சேர்த்த இருசத்து உப்பு 14 ரூபாய், சோடியம் குறைந்த உப்பு 21 ரூபாய் என்று அப்போது விலை வைத்தார்கள். 2022ல் 'நெய்தல் உப்பு' அறிமுகமானது. சத்துணவு சமையலுக்கும் இருசத்து உப்பு போகிறது.

இருசத்து உப்புக்கு ஒரு முக்கியத்துவம் உண்டு. ரத்தசோகை இருந்தால் அயோடின் கிடைத்தாலும் தைராய்டால் அதைச் சரியாகப் பயன்படுத்த முடியாது, ஹார்மோன் தயாரிப்புக்கு இரும்பும் வேண்டும். மில் வேலைக்கு வரும் இளம் பெண்களுக்கு இரண்டுமே தேவை.

பலன் இல்லாமல் இல்லை. 2005-06 தேசிய குடும்பநல ஆய்வில் போதுமான அயோடின் உள்ள உப்பு இருந்த வீடுகள் தமிழ்நாட்டில் 41 சதவீதம்தான். 12, 13 வருடத்தில் 62-க்கு ஏறியிருக்கிறது. மற்ற மாநிலங்கள் இன்னும் வேகமாக ஏறிவிட்டன என்பதுதான் சங்கதி.

'எனக்கு தைராய்டு இருக்கு, அயோடின் உப்பு வேண்டாம்' – சரியா?

இப்போது வீட்டுக்கு ஒருவர் தைராய்டு மாத்திரை போடுகிறார். 'எல்லாம் இந்த அயோடின் உப்பால வந்ததுதான்' என்று ஃபார்வர்டு வருகிறது. தைராய்டு குறைவாகச் சுரக்கும் பிரச்னை இன்று பெரும்பாலானவர்களுக்கு வருவதற்குக் காரணம், உடம்பின் எதிர்ப்பு சக்தியே தவறுதலாகத் தைராய்டைத் தாக்குவது. அயோடின் உப்பை நிறுத்துவதால் அது சரியாகாது. அதே உப்பைச் சாப்பிடும் வீட்டுக் குழந்தைகளுக்கும், கர்ப்பிணிக்கும்தான் நஷ்டம்.

அயோடின் மிகையானாலும் தைராய்டு பாதிக்கும் என்பது உண்மை. கடற்பாசி மாத்திரை, சொட்டு மருந்து என்று ஆன்லைனில் வாங்கி விழுங்குவது ஆபத்து. உப்பில் சேர்க்கும் அளவு அந்த எல்லைக்கு வெகு கீழே. கம்பு, மரவள்ளி, முட்டைக்கோஸ் போன்றவை அயோடினைத் தடுக்கும் என்றும் பயமுறுத்துவார்கள். அயோடின் போதுமான அளவு கிடைப்பவர்களுக்கு, வழக்கமாகச் சாப்பிடும் அளவில் இவற்றால் பாதிப்பு இல்லை. கம்மஞ்சோறு தாராளமாகச் சாப்பிடலாம்.

இன்னொரு பக்கம், அயோடினுக்காக உப்பைக் கூட்டவும் வேண்டாம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 30 பிபிஎம் அயோடின் உள்ள உப்பில் 5 கிராம் எடுத்தாலே 150 மைக்ரோகிராம் வந்துவிடும். பிரஷர் இருப்பவர் உப்பைக் குறைக்கலாம், அயோடின் உப்பிலேயே குறைக்கலாம்.

கடையில், வீட்டில், கேன்டீனில்...

பாக்கெட்டில் 'அயோடின் கலந்த உப்பு' என்று எழுதியிருக்கிறதா, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், தயாரித்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். சில பாக்கெட்டில் சிரிக்கும் சூரியன் படம் இருக்கும், அது அயோடின் உப்புக்கான சின்னம். பிரித்ததும் மூடி இறுக்கமான டப்பாவில் கொட்டி, அடுப்பில் இருந்து தள்ளி வைத்தால் போதும். குழம்பு இறக்கும் நேரத்தில் உப்பு போட்டால் அயோடின் இழப்பு குறையும்.

வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி, மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கையேட்டில் இருக்கிறது. உருளைக்கிழங்கை வெட்டி, வெட்டிய பக்கத்தில் உப்பைத் தடவி ஒரு நிமிடம் விடுங்கள். இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால், அயோடின் உப்பு என்றால் நீல நிறம் வரும். அயோடின் இருக்கிறதா இல்லையா என்றுதான் இது சொல்லும், போதுமான அளவு இருக்கிறதா என்று சொல்லாது. சுகாதாரப் பணியாளர்கள் வைத்திருக்கும் சோதனைப் பெட்டியில் நிறத்தின் அடர்த்தியை அட்டையோடு ஒப்பிட்டு 15 பிபிஎம்-க்கு மேலா கீழா என்று பார்க்கலாம்.

வீட்டுக்கு வீடு போய் உப்பைச் சோதிப்பது கஷ்டம். திருப்பூரில் அதைவிடச் சுலபமான இடம் ஒன்று இருக்கிறது. 250-க்கு மேல் ஆட்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் கேன்டீன் இருக்க வேண்டும் என்று 2025 வரை அமலில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. அந்த கேன்டீனும், ஹாஸ்டல் மெஸ்ஸும் உணவுப் பாதுகாப்புத் துறையின் உரிமத்துக்குக் கீழே வருகின்றன. அங்கே அரிசி மூட்டையைப் பார்க்கும் ஆய்வாளர், பக்கத்தில் இருக்கும் உப்புச் சாக்கின் லேபிளையும் திருப்பிப் பார்த்தால் ஒரே நேரத்தில் சில நூறு பேரின் உப்பைச் சோதித்த கணக்கு. வெளிநாட்டு பையர்களின் ஆடிட்டுக்காகத் தீயணைப்புக் கருவியில் இருந்து கழிவறை வரை பட்டியல் போட்டுச் சரிபார்க்கும் நிறுவனங்களுக்கு, அந்தப் பட்டியலில் உப்புச் சாக்கு என்று ஒரு வரி சேர்ப்பது பெரிய வேலை இல்லை.

சாயப்பட்டறையும் கேன்டீனும் ஒரே வளாகத்தில் இருக்கும் யூனிட் என்றால், இரண்டு உப்பையும் ஒரே குடோனில் அடுக்கக் கூடாது. கேன்டீன் உப்பு லூஸாக வந்து இறங்கினால், லேபிள் இல்லாத மூட்டை வந்தால், தொழிலாளர்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் புகார் செய்யலாம். மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்புவதும், அயோடின் இல்லாத உப்பு என்று தெரிந்தால் விற்றவர் மீது நடவடிக்கை எடுப்பதும் அந்த அலுவலகத்தின் வேலை.